கலங்கிய கேணியும் தெளிந்த நீரும்

மன்னரின் வரலாறு கல்வெட்டில் உள்ளது. நிலக்கிழாரின் வரலாறு பத்திரத்தில் உள்ளது. நம் முன்னோரின் வரலாற்றைத் தேடுவோர் கிணற்றடிக்குச் சென்றே தீரல் வேண்டும். அக்கிணற்றை அகழ்ந்தவர் யார், அதில் நீர் மொண்டவர் யார், குடத்தோடு எட்ட நின்று எவரேனும் ஊற்றுவாரோ எனக் காத்திருந்தவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்டால் ஓர் ஊரின் சமுதாய வரலாறு நம் கண்முன் விரியும்.

கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் கிணற்றைப் பற்றி எழுதுவானேன் என்று இளைஞர் சிலர் எண்ணக்கூடும். நீர் கெடுவதாகச் சொல்லப்படும் வழிகள் இரண்டு. மண்ணாலும் கிருமியாலும் கெடுவது ஒன்று. அது உண்மையான கேடு. உழைப்பாலும் அறிவாலும் அதனை நீக்கலாம். இன்ன குலத்தான் தொட்டால் நீர் கெடும் என்பது மற்றொன்று, அது பொய். உண்மையான கேட்டைக் கவனியாமல் விட்டு, பொய்யான கேட்டுக்குக் காவல் வைத்த நாடு இது. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொள்வதே நாம் கல்வி பெற்றதன் பயன்களுள் முதன்மையானது. ஆகவே ஆழமில்லாத ஒரு வீட்டுக் கிணற்றின் கலங்கலை முன்வைத்து அவ்வரலாற்றைக் காண்போம்.

அகழ்ந்த கைகள்

கிணறு தோண்டும் கலை தமிழ்நிலத்தில் மிகப் பழமையானது. கேணி, கூவல், துரவு, ஊருணி என நீர்நிலைக்கு எத்தனை பெயர்கள்! 2015-ஆம் ஆண்டு முதல் அகழ்வாய்வு நடைபெற்ற கீழடியில் உறைகிணறுகள் வெளிப்பட்டன. சுட்ட மண்ணால் செய்த வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பக்கமண் சரியாமல் தடுத்த அக்கிணறுகள், கலங்கலின் காரணத்தை நம் பழங்காலத்தார் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்குச் சான்றாகும். கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை கொண்டு தெளிவிக்கும் வழக்கத்தைக் கலித்தொகை உவமையாகவே எடுத்தாளுகின்றது. அவ்வளவு பழைய அறிவு அது.

இவ்வறிவைக் கையில் ஏந்தி நின்றவருள் பெரும்பகுதியினர் உழைக்கும் மக்களே. ஏரியைத் தூர் வாரினோர், கரையைக் கட்டினோர், மதகைத் திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சினோர் பலரும் சேரியிலிருந்து வந்தவர்கள். நீர்க்கட்டி என்றும் நீர்பாய்ச்சி என்றும் வழங்கப்பெற்ற பணிகள் பல ஊர்களில் நம் மக்களிடமே இருந்தன. ஊர்க் கிணற்றை வெட்டும்பொழுது மண் சுமந்த கூடையும் நம்முடையது; கோடையில் அதன் சேற்றை வாரி எடுத்த கைகளும் நம்முடையவை. வேலை முடியும்வரை அக்கைகளால் கிணறு தீட்டுப்படவில்லை. வேலை முடிந்து நீர் ஊறிய பின்னரே தீட்டு வந்து சேர்ந்தது! வெட்டும்பொழுது இல்லாத தீட்டு குடிக்கும்பொழுது மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்ட முதல் மனிதனே நம் விடுதலை வரலாற்றைத் தொடங்கிவைத்தவன் ஆவான்.

சேரிக் கிணறு ஏன் கலங்கிற்று?

ஊர்க் கிணறு மறுக்கப்பட்ட நிலையில் நம் மக்கள் தமக்கெனத் தனிக் கிணறு வெட்டிக்கொள்ளலாமே என்று கேட்போர் அன்றும் இருந்தனர்; இன்றும் உளர். கிணறு வெட்ட முதலில் நிலம் வேண்டும். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரெமென்கீர் என்னும் ஆங்கில அதிகாரி 1891-ஆம் ஆண்டு அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு விரிவான அறிக்கை ஒன்று எழுதினார். குடியிருக்கும் மனைமீதும் உரிமையின்றி, மிராசுதாரரின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்த மக்களின் அவலம் அவ்வறிக்கையால் அரசின் ஏட்டில் ஏறிற்று. குடிசைக்கே உரிமை இல்லாதவன் முற்றத்தில் கிணறு வெட்டுவது எங்ஙனம்?

அடுத்தது இடம். சேரி பெரும்பாலும் வயலை ஒட்டிய தாழ்ந்த பகுதியில் அமைந்தது. பத்தடி தோண்டினாலே நீர் வந்துவிடும். அது வசதிபோலத் தோன்றினும், மழைக்காலத்தில் மேட்டிலிருந்து வடியும் நீர் அனைத்தும் அப்பள்ளத்தையே நாடி வரும். மூன்றாவது பொருள். செங்கல்லோ கருங்கல்லோ வைத்துச் சுற்றுச்சுவர் எழுப்பப் பணம் வேண்டும். அஃதில்லாதவர் வெட்டியது வெறுங்குழியாகவே நின்றது. ஆகவே சேரிக் கிணற்றின் கலங்கலுக்கு மக்களின் சோம்பலோ அறியாமையோ காரணமன்று. நிலம், இடம், பொருள் என்னும் மூன்றும் மறுக்கப்பட்டதன் பயனே அச்சேறு.

கிணற்றளவில் பார்த்தால் சேறு நான்கு வழியாக வரும். கைப்பிடிச்சுவர் இல்லாமையால் மேலிருந்து மழைநீர் வழிந்து விழும். உறையில்லாத பக்கமண் ஊறிச் சரியும். நீர் குறைந்த காலத்தில் வாளி அடித்தரையில் மோதி வண்டலைக் கிளப்பும். ஊற்றோடு சேர்ந்து நுண்ணிய களிமண் கசிந்து வரும். இந்நான்கில் எது நம் கிணற்றைக் கலக்குகின்றது என்று அறியாமல் நீரை மட்டும் இறைத்துக் கொட்டுதல் வீண் உழைப்பாகும். மழை பெய்த மறுநாள் கலங்கினால் கேடு மேலிருந்து வருவது. கோடையில் மொள்ளும்பொழுது கலங்கினால் அடியிலிருந்து வருவது. எக்காலமும் கலங்கியே நின்றால் பக்கமண்ணையோ ஊற்றையோ ஆராய்தல் வேண்டும்.

தெளிவிக்கும் முறை

தூர் வாருதற்கு ஏற்ற காலம் சித்திரை, வைகாசி மாதங்கள். நீர்மட்டம் தாழ்ந்திருக்கும், அடிச்சேற்றை எட்டுவது எளிது. இறங்குமுன் ஒரு காரியம் மறவாது செய்தல் வேண்டும். எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கிப் பார்த்தல் வேண்டும். அது அணைந்தால் உள்ளே மூச்சுக்கு உதவாத காற்று தேங்கியுள்ளது என்பது பொருள், எவரும் இறங்கலாகாது. விளக்கு எரிந்தாலும் அதனையே முழு உறுதியாகக் கொள்ளாமல், தழைக்கொத்தைக் கயிற்றில் கட்டிப் பலமுறை ஏற்றி இறக்கி உட்காற்றை வெளியேற்றல் நன்று. இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டியிருத்தல் வேண்டும். மேலே இருவராவது அதைப் பிடித்து நிற்றல் வேண்டும். எண்ணெயில் ஓடும் இறைப்பு எஞ்சினைக் கிணற்றினுள் இறக்கி ஓட்டவே கூடாது. அதன் புகை உயிரைக் குடிக்கும். ஒருவர் மயங்கி விழ, அவரைக் காக்க இறங்கிய மற்றவரும் மாண்ட செய்திகளை நாம் அடிக்கடி கேட்கின்றோம். பிறருடைய கிணற்றில் கூலிக்கு இறங்கும் நம் இளைஞர்களுக்கும் இவ்விதி பொருந்தும். பாதுகாப்பின்றி இறங்கேன் என்று மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

உறையில்லாத ஆழமற்ற கிணற்றை ஒரே மூச்சில் வற்ற இறைத்தலும் தவறு. உள்ளிருக்கும் நீர் பக்கமண்ணைத் தாங்கி நிற்கின்றது. அதனை விரைந்து அகற்றினால் வெளியிலுள்ள ஈரமண் தள்ளிக்கொண்டு சரிந்துவிடும். சிறிது சிறிதாக இறைத்து, சரிவு உண்டா எனப் பார்த்து, பின்னர் சேற்றைக் கூடையிலோ வாளியிலோ அள்ளி மேலேற்றல் வேண்டும். அள்ளிய சேற்றைக் கிணற்றருகே குவித்து வைத்தால் அடுத்த மழையில் அது மீண்டும் உள்ளேயே வந்துவிடும். தொலைவில் கொண்டுசென்று கொட்டுதல் வேண்டும்.

அடித்தரையில் ஊற்றுக்கண் தெரிந்தவுடன், கழுவிய பருமணலைப் பரப்பி அதன்மேல் சரளையும் கூழாங்கல்லும் அரை அடி முதல் ஓரடி உயரம் இடுதல் நலம். நீர் கல்லிடையே ஏறி வரும்; வண்டல் அடியிலேயே தங்கிவிடும். வாளி மோதினாலும் கலங்காது. பக்கத்திற்கு உறை இறக்குதல் வேண்டும். தரைக்கு மேல் இரண்டரை அடி உயரம் கைப்பிடிச்சுவர், சுற்றிலும் மூன்றடி அகலமேனும் சிமிட்டித் தளம், சிந்திய நீர் ஓடிவிட வாய்க்கால், மேலே மூடி, எல்லாரும் மொள்ளுதற்கு ஒரே வாளியும் கயிறும் ஆகியன அமைந்துவிட்டால் கலங்கலின் பெரும்பகுதி நீங்கிவிடும். இவை பொறியியற் கல்லூரியில் மட்டும் கிட்டும் அறிவல்ல. கொத்து வேலை தெரிந்த நம் தோழர்கள் சிலர் கூடினால் சில நாட்களில் செய்து முடிக்கத்தக்கவையே.

உடனடித் தேவைக்குக் குடத்தளவில் நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டை இன்றும் உதவும். மண்பானையின் உட்புறத்தில் கொட்டையை உரைத்து நீரூற்றி வைத்தால், மிதக்கும் மண்துகள்கள் ஒன்றோடொன்று கூடிக் கனத்து அடியில் படியும். படிகாரமும் இவ்வாறே செயற்படுகின்றது.

தெளிவு வேறு, தூய்மை வேறு

இவ்விடத்தில் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். கண்ணாடிபோல் தெளிந்த நீரிலும் நோய் இருக்கலாம். 1854-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் வாந்திபேதி பரவியபொழுது, ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் இறந்தோரின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, பிராடு தெருவின் நீரேற்றுக் குழாய் ஒன்றே நோயின் ஊற்று எனக் காட்டினார். 1884-இல் கல்கத்தாவில் ஆராய்ந்த இராபர்ட் காக் என்னும் செருமானிய அறிஞர், மக்கள் குடித்தும் குளித்தும் வந்த குளமொன்றின் நீரில் அந்நோய்க் கிருமியையே கண்டார். நோய் வந்தது கழிவு கலந்த நீரால். தொட்டவனின் குலத்தால் அன்று. சாத்திரங்கள் பலவாறு பேசிய தீட்டை நுண்ணோக்காடி எங்கும் காணவில்லை. அது கண்டது கிருமியை மட்டுமே. அக்கிருமி அக்கிரகாரத்துக் கிணற்றையும் சேரிக் கிணற்றையும் வேறுபடுத்தி அறியாது.

கிணற்றைக் கிருமியின்றிச் செய்யப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு என்னும் மருந்தை 1890-களில் ஆக்ராவிலிருந்த ஆங்கியின் என்னும் அறிவியலர் பரிந்துரைத்தார். நீரை ஊதாச் சிவப்பாக்கும் மருந்து அது. பின்னர் அவ்விடத்தைப் பிளீச்சிங் பவுடர் பிடித்துக்கொண்டது. சேறு நீங்கி நீர் தெளிந்த பின்னரே இத்தூளை இடுதல் வேண்டும். கலங்கிய நீரில் தூளின் ஆற்றலைச் சேறே தின்றுவிடும். கைக்கணக்காகப் போடாமல் அளந்து போடுதல் வேண்டும். கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து அதனை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 3.14 என்னும் எண்ணாலும் பெருக்கி, நான்கால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்கினால் நீரின் அளவு லிட்டரில் கிட்டும். விட்டம் 2 மீட்டர், ஆழம் ஒன்றரை மீட்டர் எனின் ஏறத்தாழ 4,700 லிட்டர். நல்ல தூளாயின் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் என்பது பொதுவான அளவு. எனவே இக்கிணற்றுக்கு ஏறத்தாழ 12 கிராம். தூர் வாரிய உடனும், நோய் பரவும் காலத்தும் இதனினும் மிகுதியாகத் தேவைப்படும்; அதனைச் சுகாதார ஆய்வாளரிடம் கேட்டுச் செய்க. தூளை வாளியில் குழைத்து நீரூற்றிக் கலக்கிப் பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் கிணற்றில் கலந்து, ஒரு மணி நேரமேனும் கழித்தே நீரை எடுத்தல் வேண்டும். இரவில் இட்டு விடியலில் எடுப்பது எளிய வழி. பத்தாம் வகுப்புப் படித்த எந்த மாணவனும் மாணவியும் இக்கணக்கைச் செய்ய இயலும்.

கலக்கியதைத் தூய்மை என்றார்கள்

உண்மையான அழுக்கை நீக்கும் முறை இது. இனிப் பொய்யான தீட்டை நீக்குவதாகச் சொல்லி நாட்டில் நடந்ததைக் காண்போம்.

1901-ஆம் ஆண்டு, சிறுவராயிருந்த அம்பேத்கர் தம் தமையனாரோடும் உறவுச் சிறுவரோடும் சாத்தாராவிலிருந்து தந்தையார் பணிபுரிந்த கோரேகானுக்குப் புறப்பட்டார். மசூர் இரயில் நிலையத்தில் இறங்கியபொழுது, அவர்கள் மகார் குலத்துப் பிள்ளைகள் என அறிந்த வண்டிக்காரர்கள் வண்டி ஓட்ட மறுத்தனர். இரட்டிப்புக் கூலி கொடுத்தும் பிள்ளைகளே வண்டியை ஓட்ட நேர்ந்தது. வழியில் அவர்களுக்குக் கிட்டிய நீரோ சேறும் மாட்டின் சிறுநீரும் சாணமும் கலந்த குட்டை நீர். நாற்றத்தால் அதனை வாயில் வைக்க இயலவில்லை. கையில் உணவிருந்தும் குடிக்க நீரில்லாமையால் அன்றிரவு பசியோடு படுத்தனர். இதனை அண்ணல் தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்துள்ளார்.

அச்சிறுவர் வளர்ந்து, கடல் கடந்து கற்று, 1927-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20-ஆம் நாள் மகாத்து நகரின் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கான மக்களோடு சென்று நீரள்ளிப் பருகினார். பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1923-இல் போலே என்பார் கொணர்ந்த தீர்மானம் பொதுநீர்நிலைகளை எல்லார்க்கும் திறந்துவிட்டிருந்தது. மகாத்து நகராட்சியும் 1924-இல் அதனை ஏற்றிருந்தது. எனினும் எட்டில் எழுதிய உரிமை நாவை நனைக்கவில்லை. பருகிய மக்கள் தாக்கப்பட்டனர். அதன்பின் சாதி இந்துக்கள் அக்குளத்தைத் 'தூய்மை' செய்தனர். எப்படி? பாலும் தயிரும் சாணமும் கோமியமும் நிறைந்த 108 குடங்களைக் குளத்து நீரில் கலந்து!

இளைஞர்கள் இதனை ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். மனிதர் கைபட்ட நீர் கலங்கவில்லை. அதில் சாணத்தைக் கொட்டியபொழுதே கலங்கிற்று. அவர்கள் கலக்கியதற்குத் தூய்மை என்று பெயரிட்டார்கள். நாம் பருகியதற்குத் தீட்டு என்று பெயரிட்டார்கள். அறிவியலும் நீதியும் ஒரே இடத்தில் ஒருங்கே தலைகீழாக நின்ற காட்சி அது. வழக்கு நீண்ட காலம் நடந்தது. 1937-ஆம் ஆண்டு பம்பாய் உயர்நீதிமன்றம் நம் மக்களின் பக்கமே தீர்ப்பளித்தது. ஒரு கைப்பிடி நீருக்குப் பத்தாண்டுகள்!

சென்னை மாகாணத்தில்

மகாத்துப் போராட்டத்துக்கு முன்னரே நம் மாகாணத்தில் குரல் எழுந்துவிட்டது. 1924-ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம், பொதுக்கட்டடம் ஆகியவற்றை எந்த வகுப்பினரும் பயன்படுத்தத் தடையில்லை என்னும் தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்து நிறைவேறச் செய்தார். 1938-இல் எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியால் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் பிறந்தது. 1950 சனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, அதன் 15-ஆவது பிரிவில் கிணறுகள், குளங்கள் என்னும் சொற்களை வெளிப்படையாகவே எழுதி, அரசுப் பணத்தால் பேணப்படுபவற்றிலும் பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்டவற்றிலும் வேற்றுமை கூடாது என்றது. 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976-இல் அது திருத்தப்பெற்றுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ, நம் மக்கள் பயன்படுத்தும் நீரைக் கெடுப்பதையே தனிக் குற்றமாக்கிற்று.

இதற்கிடையே வேறொரு வழியும் நடந்தேறியது. 1920-ஐ ஒட்டி அமைந்த தொழிலாளர் நலத்துறை, மனை, பள்ளி ஆகியவற்றோடு சேரிகளில் தனிக் கிணறுகளையும் வெட்டித் தந்தது. தாகத்தால் தவித்தோர்க்கு அது பேருதவியே. ஆயின் தனிக் கிணறு ஊரின் பிரிவினையைத் தொடாமல் விட்டது. ஊர்க் கிணறு ஊருக்கே நின்றது. நமக்கு வேறொன்று கிடைத்தது. நீர் வேண்டும் என்ற கோரிக்கையும், சமத்துவம் வேண்டும் என்ற கோரிக்கையும் வெவ்வேறு என்பதை அக்கிணறுகள் நமக்குக் கற்பித்தன. முன்னதைப் பெற்றவுடன் பின்னதை மறந்துவிடலாகாது.

இவையெல்லாம் பழங்கதை என்று எவரும் சொல்லற்க. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் நீர் நிறைந்த மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது தெரியவந்தது. கயிறும் வாளியும் போய்க் குழாய் வந்த காலத்திலும் நீரைக் குறித்த நம் விழிப்பு ஓய்ந்திருத்தல் இயலாது என்பதை அது உணர்த்திற்று.

இளைஞர்க்கு

கல்வியை விளக்க வள்ளுவர் தேர்ந்த உவமை மணலில் தோண்டிய கேணியே என்பதை நம் மாணவர் அனைவரும் அறிவர். அவ்வுவமையைப் படிப்பதோடு நில்லாமல், நம் தெருவிலுள்ள கேணிகளை நாம் சென்று பார்த்தல் வேண்டும். வரும் கோடையில் ஒவ்வொரு கிளையினரும் தத்தம் பகுதியில் உள்ள ஆழமற்ற வீட்டுக் கிணறுகளைக் கணக்கெடுங்கள். எதற்குக் கைப்பிடிச்சுவர் இல்லை, எதன் அருகே ஐம்பதடிக்குள் கழிப்பறைக்குழி உள்ளது, எது மழைக்குக் கலங்குகின்றது, எது கோடையில் கலங்குகின்றது என எழுதுங்கள். தனியொருவர் செய்ய இயலாத கிணற்றைப் பலர் கூடித் தூர் வாருங்கள். நீரின் மாதிரியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பொதுநீர்நிலை எவருக்கேனும் மறுக்கப்படுமாயின், அதனையும் நாளும் இடமும் குறித்து எழுதி, சட்டம் காட்டும் வழியில் முறையிடுங்கள். சேற்றைக் கணக்கெடுக்கும் ஏடும் உரிமை மறுப்பைக் கணக்கெடுக்கும் ஏடும் ஒன்றாகவே இருக்கட்டும்.

ஊருக்கெல்லாம் கிணறு வெட்டியவர் நம் முன்னோர். அவர்களுக்கு மறுக்கப்பட்டது நீர் மட்டுமன்று. தாம் வெட்டியதைத் தமது என்று சொல்லும் உரிமையும் ஆகும். அவ்வுரிமை இன்று சட்டத்தில் நமக்கு உண்டு; அறிவும் கையில் உண்டு. நம் வீட்டு முற்றத்துக் கிணற்றைத் தெளிவாகவும் தூயதாகவும் வைத்து, தாகத்தோடு வருபவர் எவராயினும் குலம் கேளாது மொண்டு கொடுப்போமாக. நமக்கு மறுத்தவரின் பிள்ளைகள் வந்து கேட்பினும் அவர்களுக்கும் கொடுப்போம்.